குழாயின் நிலையை ஊருக்குச் சொல்லுங்கள்

ஆந்திரத்தின் கோதாவரிக் கழிமுகத்தில், நகரம் என்னும் கிராமத்தில், 2014 ஜூன் 27 அதிகாலையில் கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கசிவு பற்றி முன்பே முறையிட்டதாக ஊரார் கூறினர். அந்த முறையீட்டுக்குச் செவிசாய்த்திருக்க வேண்டும்.

ஈரம் கலந்த வாயு குழாயை உள்ளிருந்தே அரிக்கும், வெளியே தெரியாது. உணரிக் கருவியை உள்ளே ஓடவிட்டுச் சுவரின் தடிமனை அளக்கலாம். கருவி நுழையாத பழைய குழாயில் நீர் நிரப்பி, வழக்கமான அழுத்தத்துக்கு மேல் ஏற்றிப் பார்க்கலாம். கிளாம்ப் மாட்டிக் கசிவை அடைப்பது அவசரத்துக்கு மட்டுமே. தேய்ந்த பகுதியை வெட்டி மாற்றத்தான் வேண்டும்.

காவிரிப் படுகையிலும் வயல்களுக்கு அடியில் எரிவாயுக் குழாய்கள் செல்கின்றன. அவற்றின் வயதையும் கடைசிச் சோதனையின் முடிவையும் அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டிவைக்க ஒன்றிய அரசு உத்தரவிட வேண்டும்.