பால் இல்லாத சட்டியில் உறை ஊற்றுவதா? நம் மண்ணை நாமே செய்வோம்!



உரக்கடை வாசலில் வரிசையில் நிற்கிறோம். ரெண்டு மூட்டை யூரியா கேட்டால், "இந்தப் பாட்டிலையும் சேர்த்து எடுத்துக்கங்க, அப்பத்தான் பில் போடுவேன்" என்கிறார் கடைக்காரர். 45 கிலோ யூரியா மூட்டைக்கு அரசு வைத்த விலை 266 ரூபாய் 50 காசு. நம் தலையில் கட்டுகிற பாட்டிலோ 400, 450 ரூபாய். போன பட்டத்தில் நம் சங்கத்து ஆட்களே பலர் இப்படி வாங்கி வந்து, வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு முழித்துக்கொண்டிருந்தோம். பாட்டில் மேலே என்ன எழுதியிருக்கு? "மண்ணுக்கு உயிர் கொடுக்கும் நுண்ணுயிர்!"

நல்லா யோசிச்சுப் பாருங்க. மண் செத்துப் போச்சு என்பதை அவனே ஒத்துக்கொள்கிறான். செத்ததற்கு மருந்தும் அவனே விற்கிறான். நாற்பது வருசமாக மூட்டையில் விற்றவன் இப்போது பாட்டிலில் விற்க வந்திருக்கிறான். நாளைக்கு மண்ணையே பையில் கட்டி நம்மிடம் விற்க மாட்டான் என்று என்ன நிச்சயம்? பட்டணத்து மாடித்தோட்டக்காரர்களுக்கு இப்பவே அப்படித்தான் விற்கிறார்கள்!

நுண்ணுயிர் என்பது பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. உயிருள்ள மண்ணில் ஒரு கரண்டி எடுத்தால் அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர் இருக்கும். ஆனால் அதுகளுக்குத் தீனி வேண்டாமா? இலை, தழை, வேர், சாணி, சருகு இதுதான் தீனி. தீனி இல்லாத மண்ணில் பாட்டிலைக் கவிழ்ப்பது, பால் இல்லாத சட்டியில் உறைமோர் ஊற்றுகிற கதைதான். சட்டியில் பால் இருந்தால் அடுத்த வீட்டில் ஒரு கரண்டி மோர் வாங்கி உறை ஊற்றிக்கொள்ளலாம். அதற்கு 450 ரூபாய் எதற்கு?

மண் எப்படிச் செத்தது?

பழியை முழுக்க கம்பெனி மேலே போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது. மூணு தப்பு நம் கையால் நடந்தது.

ஒன்று, எரித்தோம். சோளத்தட்டை, கரும்புச் சோகை, வரப்போரச் சருகு எல்லாவற்றுக்கும் தீ வைத்தோம். மண்ணுக்குப் போக வேண்டிய சோறு புகையாகப் போனது.

இரண்டு, புரட்டினோம். ரோட்டவேட்டர் வந்த பிறகு ஒரு பட்டத்துக்கு மூணு தடவை அடித்து மண்ணை மாவாக்கினோம். கலப்பை புரட்டப் புரட்ட மண்ணுக்குள் இருக்கிற மக்கு வெயிலும் காற்றும் பட்டு வேகமாகக் கரைகிறது. வேரோடு ஒட்டி வாழ்ந்து தண்ணியும் மணிச்சத்தும் இழுத்துக் கொடுக்கிற பூஞ்சை இழை அறுந்து போகிறது. மண்புழு வெட்டுப்படுகிறது. மேலே மாவு, கீழே கல் மாதிரி இறுகின அடி. மழை பெய்தால் தண்ணி இறங்குவதில்லை. மண்ணையும் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போகிறது.

மூன்று, விற்றோம். ஊருக்கு ஊர் ஆட்டாம்புழுக்கையும் மாட்டுச் சாணியும் லாரி ஏறி மலைத்தோட்டத்துக்குப் போகுது. அந்தக் காசைக் கொண்டுபோய் உரக்கடையில் கொடுக்கிறோம்.

விளைவு என்ன? தமிழ்நாட்டு மண்ணில் 1971-ல் 1.20 சதவீதம் இருந்த கரிமச்சத்து 2002-ல் 0.68 சதவீதமாக இறங்கிவிட்டது என்பது வேளாண்மைத் துறையே சொல்கிற கணக்கு. ஏறக்குறைய பாதி போச்சு! உரவிலையோ நேர்மாறாக ஏறியது. 2010 ஏப்ரலில் சத்து அடிப்படையிலான மானியம் வருவதற்கு முன்னால் 50 கிலோ டிஏபி மூட்டை சுமார் 470 ரூபாய். 2025-ல் அதே மூட்டை 1350 ரூபாய். மண் இளைக்க இளைக்க மூட்டை கொழுத்தது!

உழவன் உழாமல் இருப்பதா?

"என்னப்பா இது, உழவன்னு பேரை வச்சுக்கிட்டு உழாதேன்னு சொல்றியா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். உழுவதைக் காட்டிலும் எருப் போடுவது நல்லது என்று உழவு அதிகாரத்தில் வள்ளுவரே சொல்லியிருக்கிறார். ஜப்பான் விவசாயி மசனோபு ஃபுகோகா பல பத்து வருசம் உழாமலே, வைக்கோலைத் திரும்ப வயலில் பரப்பி நெல்லும் பார்லியும் எடுத்தார். 1975-ல் வந்த அவருடைய 'ஒற்றை வைக்கோல் புரட்சி' தமிழிலும் வந்தது. மூடாக்கு, பலதானிய விதைப்பு என்று நம்மாழ்வார் அய்யா 2013-ல் கண்மூடும் வரை ஊர் ஊராகச் சொன்னதும் இதே வழிதான்.

ஆனால் ஃபுகோகா ஊர் மழை வேற, நம்ம மழை வேற. மானாவாரிக் காட்டில் கோடை உழவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. மொத்தத் தோட்டத்தையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவும் இல்லை. 2021-ல் இலங்கையில் ரசாயன உரத்துக்கு ஒரே அடியாகத் தடை போட்டார்கள். நெல் விளைச்சல் சரிந்தது, அதே வருசம் தடையை எடுக்க வேண்டியதாயிற்று. மேலிருந்து உத்தரவு போட்டால் மண்ணுக்கு உயிர் வந்துவிடாது. கீழிருந்து, கைப்பிடி கைப்பிடியாகத்தான் வரும். ஆகவே வீட்டோரம், கிணற்றோரம் ஒண்ணேகால் சென்ட் போதும். கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய் வைக்கிற அந்தத் துண்டில் ஆரம்பியுங்கள்.

செய்கிற முறை

நாலடி அகலம், இருபதடி நீளத்தில் 5 பாத்தி போடுங்கள். நடக்க ஒன்றரை அடி வழி விடுங்கள். பாத்திக்குள் இனி கால் வைக்கக் கூடாது. அடி மண் இறுகியிருந்தால் கடப்பாரையால் ஒரு தடவை நெம்பி விடுங்கள். அதுதான் கடைசி உழவு!

பாத்தியில் பலதானியம் தூவுங்கள். சோளம், கம்பு, தட்டைப்பயறு, உளுந்து, எள்ளு, சணப்பு, கொளுஞ்சி என்று கையில் கிடைத்ததெல்லாம் போடலாம். பூ எடுக்கிற சமயத்தில் தரையோடு அறுத்து அங்கேயே படுக்கப் போடுங்கள். பிடுங்காதீர்கள். வேர் உள்ளேயே மக்கட்டும். அந்த வேர் போன ஓட்டைதான் தண்ணிக்கும் காற்றுக்கும் பாதை. கலப்பை செய்கிற வேலையை வேரும் புழுவும் கூலி இல்லாமல் செய்யும்.

பலதானியம் வளர்கிற நேரத்தில் மண்கலவையைத் தயார் செய்யுங்கள். 5 பாத்திக்கும் மூணு அங்குல உயரம் பரப்ப 100 கன அடி, அதாவது ஒரு யூனிட் வேண்டும். கணக்கு இது: நன்றாக மக்கின தொழுவுரம் 40 கூடை, குளத்துக் கரம்பை மண் 40 கூடை, மரத்தடியில் மக்கிக் கிடக்கிற இலைமண் 15 கூடை, உமிக்கரி 5 கூடை. கூடை ஒரு கன அடி பிடிக்கிறதாக இருக்கட்டும். செம்மண் பூமிக்கு இந்தக் கணக்கு. களிமண் பூமியாக இருந்தால் கரம்பையைப் பாதியாக்கி இலைமண்ணைக் கூட்டுங்கள்.

கலந்து நிழலில் குவித்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற அளவுக்கு மட்டும் ஈரம் காட்டி, ஓலையால் மூடி ஒரு மாசம் வையுங்கள். உறை ஊற்ற ஜீவாமிர்தம் போதும். 200 லிட்டர் தண்ணியில் சாணி 10 கிலோ, கோமியம் 5 முதல் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, மருந்து படாத வரப்பு மண் ஒரு கைப்பிடி. நிழலில் ரெண்டு நாள் வைத்து, காலையும் மாலையும் கலக்கி, ஒரு வாரத்துக்குள் குவியலுக்கும் பாத்திக்கும் ஊற்றித் தீர்த்துவிடுங்கள். இது உரம் இல்லை, உறைமோர். பாட்டில்காரன் 450 ரூபாய்க்கு விற்கிறது இந்த வேலையைத்தான்!

அறுத்துப் போட்ட தழை மேலே இந்தக் கலவையைப் பரப்புங்கள். அதற்கு மேலே நாலு அங்குலம் சருகு, தட்டை, கடலைக்கொடி, வேப்பந்தழை, எது கிடைக்குதோ அது. நாற்று நடும்போது மூடாக்கை விலக்கிக் குழி பறித்து நட்டால் போதும். ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் செடியைத் தரையோடு அறுத்துவிட்டு, ஒரு அங்குலம் எருவும் புது மூடாக்கும் போடுங்கள். மண்வெட்டி எடுக்காதீர்கள்.

நாங்கள் பட்டது

இதில் நாங்கள் அடிபட்டும் கற்றோம். முதல் வருசம் அரைகுறையாக மக்கின சாணியைப் போட்டு வேர்ப்புழு வந்து கத்தரி அத்தனையும் வாடிச்சு. மூடாக்கைத் தண்டோடு ஒட்டிப் போட்டதில் அடைமழையில் தண்டு அழுகியது. நாலு விரல் தள்ளிப் போட வேண்டும். கோரையும் அருகும் மூடாக்குக்கு மசியாது. ஆரம்பத்தில் கிழங்கோடு தோண்டி எடுத்துவிட்டுத்தான் பாத்தி போட வேண்டும். பூ வந்த பார்த்தீனியத்தைக் குப்பைக்குழியில் போட்டால் களையை நாமே விதைத்த மாதிரி. முதல் வருசம் காய் குறையும். அதை மறைத்துப் பேசினால் நமக்கும் பாட்டில்காரனுக்கும் என்ன வித்தியாசம்? இன்றைக்கு அந்தப் பாத்திகளில் மூடாக்கைத் தூக்கினால் மண்புழு நெளிகிறது. பக்கத்துப் பாத்திக்கு மூணு தண்ணி விடுகிற இடத்தில் இதற்கு ரெண்டு போதுகிறது.

"சாணிக்கு எங்கே போவேன், மாட்டை வித்துட்டேனே" என்பவர்களுக்கு: நாலு பேர் சேர்ந்து ஒரு ராத்திரி ஆட்டுக்கிடை போடுங்கள். வரப்பில் கிளைரிசிடியாவும் புங்கனும் வையுங்கள். எல்லாவற்றுக்கும் முந்தி, தீ வைப்பதை நிறுத்துங்கள்.

அரசைக் கேட்கிறோம்

நம் கடமையை நாம் செய்கிறோம். அரசு தன் கடமையைச் செய்கிறதா? 2015-ல் மண்வள அட்டை கொடுத்தார்கள். அதில் 12 அளவு இருக்கு. புழு, பூஞ்சை பற்றி ஒரு வரி கிடையாது. மூட்டைக்கு மானியம் உண்டு, எருக்குழிக்கு என்ன உண்டு? 2024-ல் குளத்து வண்டலுக்கு வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று அரசு சொன்னது, வரவேற்கிறோம். ஆனால் டிராக்டர் வாடகைக்கு வழியில்லாத ரெண்டு ஏக்கர்க்காரன் அனுமதிச் சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

எங்கள் கோரிக்கைகள்:

1. யூரியாவோடு வேறு பொருளைக் கட்டாயப்படுத்தி விற்கும் கடைகள் மீது நடவடிக்கை எடு!
2. குளத்துக் கரம்பையை முதலில் அந்தந்த ஊர்ச் சிறு விவசாயிக்குக் கொடு! ஏற்று கூலிக்கு உதவி செய்!
3. ஊரக வேலைத் திட்டத்தில் வீட்டுக்கு வீடு எருக்குழி வெட்டிக் கொடு!
4. உரத்தைக் குறைத்து மண்ணை வளர்ப்பவனுக்கு, மிச்சமாகும் மானியத்தில் பங்கு கொடு!

தோழர்களே! இன்றைக்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். ரோட்டவேட்டர் ஓட்டின நிலத்தில் ஒரு காய்ந்த மண்கட்டி எடுங்கள். பல வருசம் உழாத வேலியோரத்தில் இன்னொன்று எடுங்கள். ரெண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணி ஊற்றி மெதுவாகப் போடுங்கள். உயிருள்ள கட்டி நிற்கும். செத்த கட்டி கண்ணெதிரே கரைந்து தண்ணியைக் கலக்கும். நம் மேல்மண் மழையில் போகிற போக்கு இதுதான்.

அந்த ரெண்டு டம்ளரோடு வட்டாட்சியர் அலுவலகம் முன்னால் கூடுவோம். நாளும் நேரமும் கிளைச் செயலாளர்கள் வீடு தேடி வந்து சொல்வார்கள். குடும்பத்தோடு வாருங்கள். அதிகாரிகள் மேசையில் டம்ளரை வைத்துக் கேட்போம்: இதில் எது நம் பிள்ளைகளுக்கு?

எரிக்காதே! புரட்டாதே! விற்காதே!
நம் மண்ணை நாமே செய்வோம்!

இவண்,
ஒன்றியச் செயலாளர்,
விவசாயிகள் சங்கம்