எங்கள் பக்கத்து ஷார்ட்டேஜ்

பணத்தில் நாங்கள் குறை வைக்கவில்லை. இத்தனை நாளும் அதைச் சொல்லித்தான் தப்பித்துக்கொண்டிருந்தோம் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எங்கள் பணிமனைக் கண்டக்டர் தோழர் ஒருவருக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று செய்தி வந்த அன்று சாயங்காலமே பணிமனை வாசலில் துண்டு விரித்தோம். டிரைவர், கண்டக்டர், டெக்னிக்கல் பிரிவு என்று எல்லோரும் போட்டார்கள். எதிர்ச் சங்கத்துக்காரர்களும் போட்டார்கள். ரத்தம் கொடுக்க ஆள் வரிசையில் நின்றது. ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் படுப்பதற்கு முறை போட்டுக்கொண்டோம். அந்த ஒரு வாரம் எங்களைவிட நல்ல சங்கம் மாவட்டத்திலேயே கிடையாது. அதற்குப் பிறகு நாங்கள் நடந்துகொண்டதைத்தான், கிளைப் பேரவையில் பேசி முடிவெடுத்தபடி, பெயர் போடாமல், எல்லோரும் சேர்ந்து இங்கே எழுதுகிறோம்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் கிளை பிரியும் இடங்களில் சில பேருக்குச் சுவர் மெலிந்து புடைத்துக்கொள்ளும். அனூரிசம் என்கிறார்கள். பெரியவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில் இது இருக்கலாம்; பெரும்பாலும் வெடிப்பதில்லை, இருப்பது தெரியாமலேயே வாழ்ந்து முடிக்கிறார்கள். வெடித்தால், அதுவரை வந்திராத தலைவலி ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகும். தோழருக்கு வெடித்தது நெற்றிக்குப் பின்னால், இரண்டு பக்கத்து முன்மூளைத் தமனிகளையும் இணைக்கும் சின்னக் குழாயில். மண்டையைத் திறந்து கிளிப் போட்டார்கள். அமெரிக்காவில் வால்டர் டாண்டி 1937இல் தொடங்கிவைத்த முறை அது. இப்போது தொடை வழியாகக் குழாய் விட்டு, பிளாட்டினக் கம்பிச்சுருளை வைத்து அடைப்பதும் உண்டு. எதைச் செய்தாலும் அடைபடுவது அந்த ஓட்டை மட்டும்தான். நாங்கள் பணிமனைக்காரர்கள். பஞ்சர் ஒட்டினால் வண்டி ரூட்டுக்குப் போய்விடும் என்றே பழகியிருந்தோம்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவர் எங்களில் ஒருவரைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உடனே வாட்ஸ்அப்பில் வெற்றிச் செய்தி போட்டுவிட்டுக் கலைந்தோம். வெடித்த மூன்று நான்கு நாளிலிருந்து இரண்டு வாரம் வரை இன்னொரு கண்டம் இருக்கிறது என்பதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. கசிந்த ரத்தத்தின் எரிச்சலில் மற்ற ரத்தக்குழாய்கள் சுருங்கி, மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகாமல் நின்றுவிடலாம். அதற்காகத்தான் நிமோடிபின் மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நடுச்சாமமானாலும் எழுப்பி, 21 நாள் கொடுக்கிறார்கள். தோழரின் வலது கால் விழுந்ததும் பேச்சு குறைந்ததும் அந்தக் கட்டத்தில்தான். அப்போது வராந்தாவில் எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லை. முறை போட்ட தாள் முதல் வாரத்தோடு முடிந்திருந்தது. பொங்கல் ஸ்பெஷல் டியூட்டியும் வந்துவிட்டது.

கால் மெல்லத் தேறியது. பேச்சும் வந்தது. அடுத்த ஆடி வாக்கில் காக்கிச் சட்டையோடு டிக்கெட் பையை மாட்டிக்கொண்டு டியூட்டிக்கு வந்தார். இனிப்பு வாங்கிக் கொடுத்தோம்.

கண்டக்டர் வேலையை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அதில் தலைக்கு என்ன வேலை என்று தோன்றும். எந்த ஸ்டாப்பில் யார் ஏறினார், எந்த ஸ்டேஜ் தாண்டியது, ஐந்நூறு ரூபாய் நீட்டியவருக்கு மீதி எவ்வளவு பாக்கி, படிக்கட்டில் தொங்குகிற பையன் உள்ளே வந்தானா, எப்போது விசில் அடிப்பது என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்க வேண்டும். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாலும் அவர்களுக்கும் சீட்டு கொடுத்தாக வேண்டும், எண்ணிக்கை விடாது. இப்படி ஒரே சமயத்தில் பலதைப் பிடித்து வைத்திருப்பது முன்மூளையின் வேலை. தோழருக்கு அடிபட்டது அங்கேதான்.

ஷார்ட்டேஜ் விழ ஆரம்பித்தது. கட்டுகிற கலெக்ஷனும் டிக்கெட் கணக்கான வேபில்லும் ஒத்துப்போகவில்லை. குறைந்த பணத்தைச் சம்பளத்தில் பிடித்தார்கள். செக்கிங்கில் மாட்டியபோது, டிக்கெட் கொடுத்துவிட்டேன் என்று அடித்துச் சொன்னார், கொடுத்திருக்கவில்லை. நேற்று சங்கரன்கோவில் போய்வந்தேன் என்று எங்களிடம் சாவகாசமாகக் கதை சொன்னார். அன்று முழுக்க அவர் வீட்டைவிட்டு இறங்கவில்லை என்று அவர் மனைவி, எங்கள் மதினி, பிறகு சொன்னார். "மண்டையில அடிபட்டாலும் பொய் மட்டும் நல்லா வருதுய்யா" என்று டீக்கடையில் சிரித்தோம். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்னக் குழாய் வெடித்தவர்களில் சிலருக்கு நினைவில் ஓட்டை விழும். அந்த ஓட்டையை மனது நடக்காத சம்பவங்களால் தானாக நிரப்பிக்கொள்ளும். சொல்பவருக்கு அது பொய் என்றே தெரியாது. நரம்பியல் டாக்டர்களுக்கு இது பழைய சங்கதி. எங்களுக்குத் தெரியாது என்பதைவிட, தெரிந்துகொள்ள யாரும் போகவில்லை என்பதுதான் சரி. டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கி ஒருவர்கூடப் பார்க்கவில்லை. மெமோவுக்குப் பதில் எழுதும்போது கமாவைக்கூட விடாமல் பார்க்கிற ஆட்கள் நாங்கள்.

மெமோ என்றதும் நாங்கள் செய்த பெரிய கெடுதலைச் சொல்லியாக வேண்டும். தோழருக்கு வந்த ஒவ்வொரு மெமோவுக்கும் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து நாங்கள்தான் பதில் எழுதிக் கொடுத்தோம். "கவனக்குறைவால் நேர்ந்த தவறு, இனி நடவாது" என்ற வழக்கமான வாசகம். கையெழுத்துப் போடு என்றோம், போட்டார். ஆபரேஷனைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதினால் பிட்னஸ் பிரச்சினை கிளம்பும், வேலைக்கே ஆபத்து என்று எங்களுக்குள் ஒரு சாமர்த்தியம்.

சட்டம் நேர்மாறாகச் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 20(4) பிரிவு: பணியில் இருக்கும்போது உடற்குறைபாடு ஏற்பட்ட அரசு நிறுவன ஊழியரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பார்த்த வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். அப்படி வேலை இல்லையென்றால், கிடைக்கும்வரை கூடுதல் பணியிடம் ஒன்றை உண்டாக்கியாவது அவரை வைத்திருக்க வேண்டும். 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே 47ஆம் பிரிவாக இருந்ததுதான் இது. கால் போன டிரைவர்களுக்கு இதைக் காட்டி மாற்றுப் பணி கேட்டுச் சண்டை போட்டிருக்கிறோம். கால் போனது கண்ணுக்குத் தெரிகிறது. தோழருக்குக் கை, கால், மீசை எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்ததால் எங்களுக்கே அது உடற்குறைபாடாகத் தோன்றவில்லை. இப்போது மாற்றுப் பணி கேட்டு மனு போட்டிருக்கிறோம். எதிர்த்தரப்பு எடுத்துவைப்பது நாங்கள் எழுதிக் கொடுத்த அதே கவனக்குறைவுக் கடிதங்களை.

அடுத்தது குடி. எழுதக் கை கூசுகிறது. ஒரு கட்டத்தில் தோழர் நடை தள்ளாடியது. பாதம் தரையில் ஒட்டிக்கொண்டது போல இழுத்து இழுத்து நடந்தார். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் வேட்டி நனைந்திருந்தது. பார்த்தவர்கள் நாங்கள்தான். குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று எங்களுக்குள்ளேயே தீர்ப்பு எழுதினோம். பக்கத்தில் போய் வாயை முகர்ந்து பார்க்கிற அளவுக்குக்கூட ஒருவரும் நெருங்கவில்லை. ரத்தக்கசிவு வந்தவர்களுக்கு, மூளையைச் சுற்றி ஓடும் நீர் வடியாமல் உள்ளேயே தேங்குவது உண்டு. உடனேயும் வரும், மாதங்கள் கழித்தும் வரும். நடை தடுமாறும், சிறுநீர் அடங்காது, மறதி கூடும். மூன்றும் சேர்ந்து எங்கள் கண்ணெதிரே நடந்தது. கடைசியில் மதினிதான் தனியாக ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மூளையிலிருந்து தோலுக்கு அடியில் கழுத்து வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் வைத்து நீரை வடியவிட்டார்கள். ஷன்ட் என்று பெயர். நடை பெருமளவு திரும்பியது. அந்தக் குழாயும் அடைத்துக்கொள்ளலாம். தலைவலி, வாந்தி, விடாத தூக்கம் வந்தால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. இதை இப்போது அவரோடு டியூட்டி பார்த்த எல்லோரும் தெரிந்துவைத்திருக்கிறோம். தாமதமாகத்தான்.

எங்கள் தோழர் ஒருவரின் மகள் வழியாக ஆங்கில நடிகை எமிலியா கிளார்க்கின் கதை தெரியவந்தது. அவருக்கு 2011இல் மூளையில் அனூரிசம் வெடித்தது. இன்னொன்றுக்கு 2013இல் ஆபரேஷன். 2019இல்தான் வெளியே சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் பிந்தைய கவனிப்பு கிடைக்காமல் தவிப்பவர்களுக்காக ஓர் அமைப்பையும் தொடங்கினார். வசதியுள்ள நாட்டிலேயே அந்த இடம் காலியாக இருந்தால் நாங்கள் என்ன செய்ய முடியும் என்று பேரவையில் ஒருவர் கேட்டார். அந்த வாதத்தை இங்கே எழுதக் கூடாது என்றும் முடிவானது. எழுதிவிட்டோம், ஏனென்றால் அன்றைக்குப் பாதிப் பேர் தலையாட்டினோம்.

போன மாதம் மதினியைப் போய்ப் பார்த்தோம். கூட்டமாகப் போனதே தப்பு என்று வாசலிலேயே தெரிந்தது. "இத்தனை பேர் பேசினா அவருக்குத் தலை தாங்காது. சாயங்காலம் வரைக்கும் படுத்துருவாரு. ஒருத்தரா வாங்க. டிவியை அமத்திட்டுப் பேசுங்க. அவர் தப்பாச் சொன்னா சண்டைக்குப் போகாதீங்க, சிரிக்கவும் செய்யாதீங்க. நான் ஒரு மணி நேரம் கடைக்குப் போய்ட்டு வந்துக்கிடுதேன்" என்றார். எங்களிடம் அவர் கேட்டது அந்த ஒரு மணி நேரத்தைத்தான்.

வார ஓய்வு நாளை வைத்துத் திரும்பவும் முறை போட்டோம். இந்தத் தடவை முடிவுத் தேதி எழுதவில்லை. மூன்றாவது வாரமே ஒருவர் போகவில்லை. டபுள் டியூட்டி என்றார். விசாரித்தோம், உண்மைதான். மதினி அன்றைக்குக் கடைக்குப் போகவில்லை.