கிலோவுக்கு 10 ரூபாய் ஏறியும் நஷ்டமா?

சின்ன வெங்காயம் அறுவடை முடிந்ததும் செட்டிகுளம் பக்கத்து வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான். இப்போதே விற்பதா, பட்டறை போடுவதா? பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் வட்டத்தில் இருக்கும் இந்த ஊர் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போனது. காற்றோட்டமாகப் பட்டறை கட்டி, மேலே கீற்று வேய்ந்து, விலை ஏறும்வரை காத்திருப்பது இங்கே பழக்கம்.

பட்டறையைப் பிரித்து விற்ற அன்று வீட்டில் பேசப்படும் கணக்கு பெரும்பாலும் ஒரே வரிதான். "30-க்குப் போக வேண்டியது, 40-க்குப் போச்சு!" கேட்க இனிக்கிறது. ஆனால், அது முழுக் கணக்கா?

உதாரணத்துக்கு, 2,000 கிலோவைப் பட்டறையில் வைத்த குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வைத்த அன்றைய விலை 30 ரூபாய். அன்றே விற்றிருந்தால் 60,000 ரூபாய். மூன்று மாதத்தில் காய்ந்ததும் அழுகியதும் முளைத்ததுமாக ஐந்தில் ஒரு பங்கு கழிந்துவிட்டது. மிச்சம் 1,600 கிலோ, 40 ரூபாய் விலையில் 64,000. பட்டறைச் செலவும் தரம் பிரித்த கூலியும் 3,000. அன்றே விற்று 60,000 ரூபாய் நகைக்கடனை அடைத்திருந்தால், 12 சதவிகித வட்டியில் மூன்று மாதத்துக்கு 1,800 ரூபாய் மிச்சமாகியிருக்கும். எல்லாம் கழித்தால் 800 ரூபாய் நஷ்டம்!

இதை ஒவ்வொரு பட்டறைக்கும் உட்கார்ந்து போட யாருக்கு நேரம்? இங்கேதான் கூகுள் ஷீட்ஸ் கைகொடுக்கிறது. கூட்டலுக்கு 'சம்' என்ற ஃபங்ஷன் இருப்பதுபோல, நமக்கென்று ஒரு ஃபங்ஷனை நாமே உருவாக்கும் வசதி அதில் 2022-ல் வந்தது. கணினியில் 'டேட்டா' மெனுவில் 'நேம்டு ஃபங்ஷன்ஸ்' என்று இருக்கும். அதில் 'பட்டறை' என்று ஆங்கில எழுத்தில் பெயர் கொடுத்து, சூத்திரத்தை ஒருமுறை எழுதினால் போதும். விற்ற தொகையிலிருந்து, வைத்த அன்றைய மதிப்பு, செலவு, வட்டி மூன்றையும் கழிப்பதுதான் சூத்திரம். அடுத்த பட்டறைக்கு எண்களை மட்டும் கொடுத்தால் விடை வந்துவிடும். இன்னொரு ஷீட்டுக்கும் அந்த ஃபங்ஷனை இறக்கிக்கொள்ளலாம். புதிய எக்ஸெல் வைத்திருப்பவர்கள் 'லாம்டா' மூலம் இதையே செய்யலாம்.

ரெடிமேட் ஃபங்ஷன்களும் உண்டு. வெவ்வேறு தேதிகளில் போட்ட பணத்துக்கு ஆண்டு வருமான விகிதம் சொல்லும் 'எக்ஸ்ஐஆர்ஆர்', ஒரு காலத்தில் எக்ஸெலில் தனியாகச் சேர்க்க வேண்டிய ஆட்-இன்னாக இருந்தது. 2007 பதிப்பிலிருந்து உள்ளேயே வருகிறது. பங்கு விலையைத் தானாகக் கொண்டுவரும் 'கூகுள்ஃபைனான்ஸ்' ஃபங்ஷனுக்கோ வெங்காய விலை தெரியாது. அதை மண்டியில் கேட்டோ, மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தில் பார்த்தோ நாம்தான் பதிய வேண்டும்.

விதைக்கென ஒதுக்கிய வெங்காயத்தையும் விட்டுவிடக் கூடாது. அதை வெளியில் வாங்கினால் என்ன விலையோ, அதுவே அதன் மதிப்பு. அதை வரவில் சேர்க்காவிட்டால், லாபமான பட்டறைகூட நஷ்டமாகத் தெரியும்.

விடுபடுதல் பெரிய இடங்களிலும் நடக்கும். ஹார்வர்டு பொருளாதார அறிஞர்கள் ரைன்ஹார்ட், ரோகாஃப் 2010-ல் வெளியிட்ட, நாடுகளின் கடன் பற்றிய ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. எக்ஸெலில் சராசரி எடுத்தபோது 5 நாடுகளின் வரிசை விடுபட்டிருந்ததை, தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் 2013-ல் கண்டுபிடித்தார். அதனால், புது ஃபங்ஷன் எழுதியதும் பழைய பட்டறை ஒன்றின் கணக்கைக் கையால் போட்டு, இரண்டு விடையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

இந்தக் கணக்கின் உண்மையான பயன் விற்ற பிறகு அல்ல, பட்டறை போடும் முன்பு. மேலே சொன்ன உதாரணத்தில் 60,000, 3,000, 1,800 மூன்றையும் கூட்டி, மிஞ்சும் 1,600 கிலோவால் வகுத்தால் 40 ரூபாய் 50 காசு. விலை அதைத் தாண்டினால்தான் காத்திருந்ததற்குப் பலன். போன முறை எத்தனை கிலோ வைத்தோம், எத்தனை கழிந்தது என்று குறித்து வைத்திருக்கும் வீட்டுக்கு, இந்த எண் அறுவடை அன்றே கையில் இருக்கும்.