ஊருக்கு ஒரு வழக்கம் இருக்கலாம். உரிமைக்கு ஊர் ஏது?

 

முஸ்லிம் குடும்பம் என்றால் நாடெங்கும் ஒரே அச்சில் வார்த்தது என்று நினைப்பவர்கள் இரண்டு வகையினர். நம்மைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு நம்மைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு வகை. தன் ஊர் எல்லையைத் தாண்டாமல், தன் ஊர் வழக்கம்தான் இஸ்லாம் என்று நம்பிக் கொண்டிருக்கும் நம்மவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினருக்கு நாம் பதில் சொல்ல வேண்டும். இரண்டாம் வகையினரிடம் கணக்குக் கேட்க வேண்டும்.

கோபாலபுரம், ராயப்பேட்டை, ஐஸ்ஹவுஸ் பக்கம் ஏதாவது ஒரு பள்ளிவாசலில் ஜும்ஆவுக்கு வந்து நின்று பாருங்கள். ஆற்காடு நவாபின் வழியினர் வாழும் அமீர் மஹாலைச் சுற்றி நெடுங்காலமாகக் குடியிருக்கும் உர்தூ பேசும் குடும்பத்தார் இருப்பார்கள். தஞ்சை, திருச்சி, மதுரைப் பக்கமிருந்து கடை வைக்க வந்த ராவுத்தர்மார் இருப்பார்கள். காயல்பட்டினம், கீழக்கரையிலிருந்து வந்த மரைக்காயர்மார் இருப்பார்கள். மலபாரிலிருந்து வந்து டீக்கடை நடத்தும் மாப்பிள்ளைமாரும் இருப்பார்கள். பெற்ற தகப்பனை ஒருவர் அத்தா என்பார், ஒருவர் வாப்பா என்பார், ஒருவர் அப்பாஜான் என்பார். ஒருவர் ஹனபி, ஒருவர் ஷாபிஈ. ஆனாலும் ஸஃப் ஒன்று, கிப்லா ஒன்று.

ஸலாம் கொடுத்து வெளியே வந்து சம்பந்தம் பேச உட்கார்ந்தால்தான் ஊர் தலை தூக்கும். "மாப்பிள்ளை எங்கள் வீட்டோடு இருக்க வேண்டும்" என்பார் கடற்கரை ஊர்க்காரர். "பெண் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதா? எங்கள் பக்கம் அது கேவலம்" என்பார் உள்நாட்டுக்காரர். இருவருமே தாம் சொல்வதுதான் மார்க்கம் என்று குரலை உயர்த்துவார்கள். மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்று இருவரும் கேட்க மாட்டார்கள்!

மக்காவும் மதீனாவும்

இந்த வேறுபாடு இன்று நேற்று வந்ததல்ல. நபி (ஸல்) அவர்கள் காலத்திலேயே இருந்தது. உமர் (ரலி) அவர்கள் அறிவித்ததாக புகாரியில் ஒரு செய்தி வருகிறது. குறைஷிகளிடம் பெண்கள் மீது ஆண்களின் கை ஓங்கியிருந்தது. ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தபோது, அன்சாரிகளின் வீட்டில் பெண்களின் சொல் எடுபடுவதைக் கண்டார்கள். பழகப் பழக மக்காவிலிருந்து வந்த பெண்களும் அதைக் கற்றுக் கொண்டார்கள். உமர் (ரலி) அவர்களின் மனைவியே அவர்களுக்கு எதிர்ச்சொல் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். உமர் (ரலி) அவர்கள் இதை நபி (ஸல்) அவர்களிடம் எடுத்துச் சொன்னபோது, நபியவர்கள் கோபப்படவில்லை, புன்னகை செய்தார்கள்.

சிந்தித்துப் பாருங்கள்! இரண்டு ஊர், இரண்டு விதமான வீட்டு வாழ்க்கை. மதீனாப் பெண்களை மக்கா வழக்கத்துக்கு மாற்றுங்கள் என்று நபியவர்கள் உத்தரவு போடவில்லை. ஊருக்கு ஊர் வழக்கம் வேறுபடுவதில் குற்றமில்லை. மார்க்கச் சட்டத்தோடு மோதாத வழக்கத்துக்கு ஃபிக்ஹில் மதிப்பும் உண்டு. இதை மத்ரஸாவின் தொடக்க வகுப்பு மாணவனும் அறிவான். அந்த 'மோதாத' என்ற சொல்லைத்தான் நாம் வசதியாக மறந்து விடுகிறோம்.

வழக்கங்கள் எப்படி வந்தன?

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மணமாகிய பெண் தாய் வீட்டிலோ, அவளுக்கென்று கொடுத்த வீட்டிலோ இருப்பாள். மாப்பிள்ளைதான் அங்கே வருவார். காரணம் என்ன? ஆண்கள் கடல் கடந்து இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனார்கள். பிறகு அரபு நாடுகளுக்குப் போனார்கள். வருடக்கணக்கில் புருஷன் இல்லாத வீட்டில், பெற்ற தாயின் பக்கத்தில் மகள் இருப்பது அவளுக்குப் பாதுகாப்பு. இலங்கையின் கிழக்குக் கரையில் காத்தான்குடி, அக்கரைப்பற்று மக்களிடமும் இதே வழக்கம்தான். அங்கும் வீடு மகளுக்கு.

இன்னும் மேற்கே போனால் கண்ணூர், தலச்சேரி மாப்பிள்ளைமாரின் தறவாடு. தாய் வழியில் சொத்து இறங்கிய கூட்டுக் குடும்பம் அது. கண்ணூரை ஆண்ட அறக்கல் குடும்பத்தில் மூத்தவர் பெண்ணானால் பெண்ணே ஆட்சிக்கு வந்தாள். அறக்கல் பீவி என்று வரலாறு அவர்களைக் குறிக்கிறது. லட்சத்தீவில் தறவாட்டுச் சொத்துக்கு 'வெள்ளிக்கிழமைச் சொத்து' என்றும், தானாகச் சம்பாதித்ததற்குத் 'திங்கட்கிழமைச் சொத்து' என்றும் பெயர். முன்னது தாய் வழியில் போகும். பின்னது ஷரீஅத்படி போகும்.

வடக்கே டெல்லிக்கு அருகிலுள்ள மேவாத்தைப் பாருங்கள். தப்லீக் பணி தொடங்கிய மண் அது. அங்குள்ள மேவ் முஸ்லிம்கள் கோத்திரம் பார்த்துச் சம்பந்தம் செய்தவர்கள். நெருங்கிய சொந்தத்தில் பெண் எடுப்பதை ஒதுக்கி வந்தவர்கள். நம் பக்கத்திலோ மாமன் மகளும் மாமி மகளும் முதல் உரிமைக்காரிகள்! சிறிய தகப்பனார் மகளை மணப்பது மார்க்கத்தில் ஆகும். ஆனாலும் தமிழ் முஸ்லிம்களில் பலர் அவளைத் தங்கையாகவே பார்ப்பார்கள். உர்தூ பேசும் குடும்பங்களில் அந்தத் தயக்கம் கிடையாது. எல்லோரும் ஒரே கலிமாவைச் சொன்னவர்கள்தான்.

ஒரே அச்சு என்பவர்களுக்கு

"ஒரே நாடு, ஒரே குடும்பச் சட்டம்" என்று முழங்குகிறவர்கள் இந்த நாட்டின் குடும்பங்களைப் பார்த்திருக்கிறார்களா? தமிழ்நாட்டு இந்துச் சகோதரர்கள் அக்காள் மகளை மணக்கிறார்கள். வட இந்திய இந்துவுக்கு அதைக் கேட்டாலே கூசும். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமே வழக்கம் இருந்தால் அதற்கு இடம் தருகிறது. மேகாலயாவின் காசி மக்களிடம் குடும்பச் சொத்து கடைசி மகளுக்குப் போகிறது. நாகாலாந்து, மிசோரம் மக்களின் வழக்கச் சட்டங்களுக்கு அரசியல் சட்டமே பாதுகாப்புத் தந்திருக்கிறது. உத்தராகண்டில் 2024இல் பொது சிவில் சட்டம் நிறைவேறி 2025 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதிலும் பழங்குடியினருக்கு விலக்கு உண்டு. பொது என்று பெயர் வைத்தவர்களாலேயே எல்லோரையும் பொதுவாக்க முடியவில்லை! இந்தக் கட்டத்தில் இப்படி ஒரு சட்டம் தேவையுமில்லை, விரும்பத்தக்கதுமில்லை என்று 2018இல் சட்ட ஆணையத்தின் ஆலோசனை அறிக்கையே சொன்னது.

குழந்தைகளின் எண்ணிக்கையைச் சொல்லியும் நம்மைப் பயமுறுத்தும் பொருளாக ஆக்குகிறார்கள். தேசியக் குடும்ப நல ஆய்வு என்ன சொல்கிறது? 1992-93இல் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரியாக 4.4 குழந்தைகள். 2019-21இல் அது 2.4 ஆகக் குறைந்து விட்டது. மாநிலவாரியாக எல்லா மதத்தாரையும் சேர்த்துப் பார்த்தால் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 1.8, பீகாரில் 3. படிப்பும் மருத்துவமும் எங்கே எட்டியதோ அங்கே குடும்பம் சிறுத்தது. மதத்தைப் பார்த்துப் பழி போடுகிறவர்கள் மாநிலத்தைப் பார்க்க மறுக்கிறார்கள்.

இது அவர்களுக்கான பதில். இதோடு பேனாவை மூடிவிட்டால் நமக்குக் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டிய பகுதி இனிமேல்தான் இருக்கிறது.

நம்மவர்களிடம் கணக்கு

மொழியில் வேறுபடுகிறோம். மத்ஹபில் வேறுபடுகிறோம். மாப்பிள்ளை எந்த வீட்டில் இருப்பது என்பதில் வேறுபடுகிறோம். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நாடு முழுவதும் எத்தனை ஒற்றுமை பாருங்கள்! தஞ்சைப் பக்கம் அதன் பெயர் கைக்கூலி. ஹைதராபாத்தில் அது ஜோடே கீ ரகம். மலபாரில் ஸ்திரீதனம். உத்தரப் பிரதேசத்தில் ஜஹேஸ். பெயர்தான் ஊருக்கு ஊர் வேறு. பெண்ணைப் பெற்றவனின் கண்ணீர் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டியவன் ஆண். குர்ஆனின் 4ஆம் அத்தியாயம் 4ஆம் வசனம் அதை மனமுவந்து கொடுக்கச் சொல்கிறது. நாமோ சபையில் சில ஆயிரங்களை மஹராக எழுதிவிட்டு, சபைக்கு வெளியே பல லட்சங்களை வாங்கிக் கொள்கிறோம். கேட்டால், "நாங்கள் கேட்கவில்லை, ஊர் வழக்கம்" என்ற பதில் வருகிறது. கைக்கூலியைத் தப்தரில் எழுதி, அதில் பள்ளிவாசலுக்கு ஒரு பங்கு வாங்கிய ஜமாஅத்துகளும் இருந்தன. அல்லாஹ்வின் வீட்டுக்கு இந்தக் காசா?

மகளுக்கு வீடு கொடுக்கும் கடற்கரை வழக்கமும் இந்த நோயிலிருந்து தப்பவில்லை. மகளின் பாதுகாப்புக்காக வந்த வழக்கம் அது. இன்று, "வீடு இல்லையா? அப்படியானால் பெண் வேண்டாம்" என்று சொல்லும் அளவுக்கு அது நிபந்தனையாகி விட்டது. நாலு தங்கைகளுக்கு நாலு வீடு கட்டுவதற்காக வளைகுடாவில் இளமையைக் கரைக்கும் அண்ணன்மார் எத்தனை பேர்! பாசத்தால் கொடுத்தால் அது அன்பளிப்பு. இல்லையென்றால் நிக்காஹ் நடக்காது என்றால், அதற்கு வீடு என்று பெயர் வைத்தாலும் அது கைக்கூலிதான்.

வாரிசுரிமை

கைக்கூலியை விடப் பெரிய அநியாயம் ஒன்று சத்தமில்லாமல் நடக்கிறது. அது தகப்பன் மவுத்தான பிறகு மகளின் பங்கை விழுங்குவது.

உஹதில் ஷஹீதான ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி, இரண்டு பெண் மக்களை அழைத்துக் கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். பிள்ளைகளின் தகப்பனுடைய சொத்து முழுவதையும் அவருடைய சகோதரர் எடுத்துக் கொண்டார் என்று முறையிட்டார்கள். அன்றைய அரபு நாட்டு ஊர் வழக்கம் அதுதான். வாரிசுரிமை வசனம் இறங்கியது. மூன்றில் இரண்டு பங்கு அந்தப் பெண் மக்களுக்கும், எட்டில் ஒரு பங்கு தாய்க்கும், மீதி சகோதரருக்கும் என்று நபியவர்கள் தீர்ப்பளித்தார்கள். ஊர் வழக்கம் அங்கே செல்லுபடி ஆகவில்லை!

நம் நாட்டிலும் இதே போராட்டம் நடந்தது. பஞ்சாபில் முஸ்லிம் பெண்ணுக்கு நிலத்தில் பங்கில்லை என்பது வழக்கம். கச்சி மேமன்கள் வாரிசுரிமையில் இந்து முறையைப் பின்பற்றினார்கள். இதை மாற்றத்தான் 1937இல் ஷரீஅத் சட்டம் வந்தது. வழக்கச் சட்டம் தங்கள் உரிமையைப் பறிக்கிறது என்று முஸ்லிம் பெண்கள் அமைப்புகள் கண்டித்ததை அந்தச் சட்டத்தின் நோக்க விளக்கமே பதிவு செய்திருக்கிறது. நாம் 'எங்கள் ஷரீஅத் சட்டம்' என்று பெருமையோடு சொல்கிறோமே, அது பிறந்ததே பெண்ணின் பங்கை மீட்பதற்காக! அப்போதும் விவசாய நிலத்தை விட்டு விட்டார்கள். சென்னை மாகாணத்தில் 1949இல் திருத்தம் கொண்டு வந்து அதையும் சேர்த்தார்கள்.

சட்டம் வந்து விட்டது. மனம் வந்ததா? "நகை போட்டோம், சீர் செய்தோம், அவள் பங்கு அதோடு தீர்ந்தது" என்கிறார்கள். உயிரோடு இருக்கும்போது கொடுத்தது அன்பளிப்பு. மரணத்துக்குப் பின் கிடைப்பது பங்கு. ஒன்று மற்றொன்றை அடைக்காது.

வியாபாரச் சகோதரர்களே! உங்களுக்குத் தெரிந்த கணக்கிலேயே சொல்கிறோம். ஒருவர் மவுத்தாகிறார். கடன், வஸிய்யத் எல்லாம் போகக் கடையும் சரக்குமாக 60 லட்ச ரூபாய் மிஞ்சுகிறது. அவருடைய பெற்றோர் இல்லை. மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று, ஏழரை லட்சம். மீதி ஐம்பத்திரண்டரை லட்சத்தை ஆறு கூறாக்கினால் மகனுக்கு இரண்டு கூறு, பதினேழரை லட்சம். மகளுக்கு ஒரு கூறு, 8 லட்சத்து 75 ஆயிரம். கொடுக்காத மஹர் இருந்தால் அதுவும் கடன்தான். பங்கு பிரிக்கும் முன் அதை அடைக்க வேண்டும். ஆனால் நடப்பது என்ன? மறுநாளே ஷட்டரைத் திறந்து மகன்கள் கல்லாவில் உட்காருகிறார்கள். பெருநாளைக்குத் தங்கைகளுக்குப் புடவை போகும். பங்கு போகாது. கேட்டால் தாய்வீட்டு வாசல் அடைபடும் என்று அவளும் வாய் திறக்க மாட்டாள். அந்தக் கல்லாவில் புழங்கும் பணத்தில் தங்கையின் ஹக்கு கலந்திருக்கிறது. அந்தப் பணத்தில் ஹஜ் செய்யப் புறப்படுகிறவர் கொஞ்சம் நின்று யோசிக்கட்டும்.

என்ன செய்ய வேண்டும்?

இளைஞர்களே! மாப்பிள்ளை எந்த வீட்டில் இருப்பது, பிரியாணியா நெய்ச்சோறா, கருகமணி கட்டுவதா வேண்டாமா என்று சண்டை போட்டு உங்கள் வீரத்தை வீணாக்காதீர்கள். தாயும் தகப்பனும் வாங்கச் சொன்னாலும், "கைக்கூலி வாங்கும் நிக்காஹ் எனக்கு வேண்டாம்" என்று சொல்வதில் அந்த வீரத்தைக் காட்டுங்கள். மஹரை உங்கள் சம்பாத்தியத்திலிருந்து சபையிலேயே கொடுங்கள்.

வியாபாரிகளே! தகப்பனார் காலமாகி எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் சரி, ஓர் ஆலிமையும் கணக்குத் தெரிந்த ஒருவரையும் உட்கார வைத்து, சகோதரிகளின் பங்கை எழுதுங்கள். ஒரே நாளில் கொடுக்க முடியாவிட்டால் தவணை போட்டுக் கொடுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! நிக்காஹ் தப்தரைப் போல ஒரு வாரிசுரிமைத் தப்தரையும் திறந்து வையுங்கள். மவுத்தானவரின் பங்கு பிரிந்ததா என்று விசாரிப்பதை உங்கள் கடமையாக்குங்கள்.

ஷரீஅத்தில் கை வைக்காதே என்று வீதியில் நின்று குரல் கொடுக்கிறோம். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஷரீஅத் நம் வீட்டுப் பெண்ணுக்குத் தந்த பங்கில் நாமே கை வைத்துவிட்டு எந்த முகத்தோடு குரல் கொடுப்பது? ஊருக்கு ஒரு வழக்கம் இருந்துவிட்டுப் போகட்டும். அவள் காயல்பட்டினத்தில் பிறந்தாலும், கோபாலபுரத்தில் பிறந்தாலும், மேவாத்தில் பிறந்தாலும் அல்லாஹ் அவளுக்கு எழுதிய பங்கு ஒன்றுதான்.

அதைக் கொடுத்து, சுமையின்றி அவனைச் சந்திக்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.