தோட்டா வந்த திசை

2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் வெடித்த துப்பாக்கிச்சூடும் அதன் தொடர்ச்சியும் 13 உயிர்களைப் பறித்தன. அவர்கள் எதிர்த்து நின்றபோது சுடப்பட்டார்களா, ஓடும்போதா? தப்பி ஓடியவர்கள்மீதும் குண்டு பாய்ந்ததை நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை சொன்னது. அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2022 அக்டோபரில்தான்.

இத்தகைய கேள்விகளில் சி.டி. ஸ்கேன் வலுவான சாட்சி. உடலில் கத்தி படுமுன்பே எலும்பு முறிவுகளையும் சிதறிய உலோகத் துணுக்குகளையும் அது முப்பரிமாணத்தில் பதிவுசெய்கிறது. மண்டையோட்டில் குண்டு நுழைந்த துளை உட்புறம் அகன்றிருக்கும். வெளியேறிய துளை வெளிப்புறம் அகன்றிருக்கும். இரண்டையும் இணைத்தால் பாதை தெரியும்.

சுடப்பட்டபோது இறந்தவர் குனிந்திருந்தாரா, திரும்பினாரா என்பதை ஸ்கேன் மட்டும் சொல்லாது. தோலில் படிந்த வெடிமருந்துக் கரியையும் கண்ணால்தான் தேட வேண்டும். எனவே பிரேதப் பரிசோதனையும் சம்பவ இட ஆய்வும் கட்டாயம் தொடர வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 1990களின் இறுதியில் வளர்ந்த இந்த சி.டி. ஸ்கேன் முறை, 2021இல் டெல்லி எய்ம்ஸுக்கு வந்துவிட்டது. தமிழகம் தயங்குவது ஏன்?

 திண்டுக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. இதுபோன்ற மாவட்டக் கல்லூரிகளிலும் துப்பாக்கிச்சூட்டு மரணம் ஒவ்வொன்றுக்கும் உடற்கூறாய்வுக்கு முன் சி.டி. பதிவைக் கட்டாயமாக்கி, அதன் நகலைக் குடும்பத்தினருக்கு வழங்க அரசு உடனே ஆணையிட வேண்டும்.