அரசனுக்கு ஆணையிடும் சேவகன்

மாயக்கதைகளில் மன்னனுக்கோ மந்திரவாதிக்கோ பக்கத்தில் நிற்கும் ஆப்பிரிக்கச் சேவகன் தமிழ் வாசகர்களுக்குப் பழைய அறிமுகம். 1934-ஆம் ஆண்டில் லீ ஃபாக் என்னும் அமெரிக்கர் சிருஷ்டித்து, பிற்காலத்தில் தமிழ்ச் சித்திரக் கதைகளின் வாயிலாக நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்த மாண்ட்ரேக்கின் அருகில், சிறுத்தைத் தோலும் துருக்கித் தொப்பியுமாக, ஆரம்ப நாட்களில் அரைகுறை ஆங்கிலம் பேசிக்கொண்டு நின்ற லொதார், பிறப்பினால் ஓர் ஆப்பிரிக்க இளவரசன். தனக்குரிய சிம்மாசனத்தைத் துறந்து ஒரு வித்தைக்காரனைப் பின்தொடர்ந்து வந்தவன் என்பது கதை. அதற்கும் சில ஆண்டுகளுக்கு முன்பு, காங்கோ மண்ணில் காலே வைத்திராத பெல்ஜியச் சித்திரக்காரர் ஹெர்ஜே, தமது டின்டினைக் காங்கோவுக்கு அனுப்பியபோது, அங்கே ஓர் அரசனையும் அவனுடைய மந்திர வைத்தியன் முகங்காவையும் படைத்தார். முகங்கா தன் அரசனையும் மக்களையும் ஏய்க்கிறவன். தெய்வ உருவத்துக்கு எதிராகத் தானே சதிசெய்துவிட்டுப் பழியை அந்நியன்மேல் போடுகிறவன்.

ஒருவன் வாயில்லா விசுவாசி, மற்றவன் வஞ்சகன். மத்திய ஆப்பிரிக்க அரசவையில் ஆவிகளோடு தொடர்புடைய ஒரு பணியாளனைக் கற்பனை செய்ய முற்படும் எழுத்தாளர்களும், திரைப்படக்காரர்களும், கணினி விளையாட்டுகளை வடிவமைக்கும் இளைஞர்களும் இன்றளவும் பெரும்பாலும் இந்த இரண்டு அச்சுகளில் ஒன்றிலேயே தங்கள் பாத்திரத்தை வார்க்கிறார்கள். இது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி என்பது ஒருபுறம் இருக்க, கதைக்கே செய்யும் துரோகம் என்பது என் திடமான அபிப்பிராயம். ஏனெனில் காங்கோ ராஜ்யத்தின் ஐதீகத்திலும் சரித்திரத்திலும் அரசனுக்குப் பக்கத்தில் நின்ற அந்த மனிதன், இவ்விரண்டு அச்சுகளிலும் அடங்காத பெரிய பாத்திரம்.

அந்த ராஜ்யத்தின் தலைநகரான எம்பன்சா காங்கோ இன்றைய அங்கோலாவின் வடபகுதியில் இருக்கிறது. 2017-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் அது சேர்ந்தது. அந்நாட்டின் ஐதீகம் ஒன்று, ராஜ்யத்தை ஸ்தாபித்தவனைப் பற்றிச் சொல்வது, என் மனத்தை வெகுவாகக் கவர்ந்தது. ஆற்றைக் கடந்து படையோடு வந்து மண்ணைக் கைப்பற்றிய அந்த வீரன் ஒருநாள் வலிப்பு கண்டு துடிக்கிறான். அவனுடைய வாளும் படையும் அந்த நோய்க்கு முன்னால் பயனற்றுப் போகின்றன. அந்த மண்ணில் முதன்முதலாகக் குடியேறிய குலத்தின் தலைவரும், மண்ணுக்கும் நீருக்கும் உரிய ஆவிகளோடு உறவு கொண்டவருமான நே வுண்டா என்னும் முதியவரிடம் அவனை அழைத்துச் செல்கிறார்கள். நீர்தான் எங்கள் மூத்தவர், என்னைக் குணப்படுத்தும் என்று அவன் வேண்டிக்கொள்கிறான். அவர் எருமைவாலை நீரில் தோய்த்து அவன்மேல் தெளிக்கிறார். அதன் பிறகே அவன் தேறி எழுகிறான்; அதன் பிறகே அரசனும் ஆகிறான். வென்ற நிலம் வென்றதனால் மட்டும் ஒருவனுக்குச் சொந்தமாகிவிடாது, அந்த நிலத்தின் ஆவிகள் அவனை ஒப்புக்கொள்ள வேண்டும், அந்த ஒப்புதலைப் பெற்றுத் தரும் கை அரசனுடையதன்று என்ற நம்பிக்கையை இதைவிடத் தெளிவாக ஒரு கதை சொல்லிவிட முடியாது.

ஐதீகத்தோடு இது முடிந்துவிடவில்லை. போர்த்துக்கீசியர் வந்து, 1491-இல் காங்கோ அரசன் ஞானஸ்நானம் பெற்று, அவன் மகன் அஃபோன்சோ கிறிஸ்தவ மதத்தை ராஜ்யத்தின் மதமாக ஆக்கிய காலத்தில், பழைய நம்பிக்கைகளின் காவலரான வுண்டாவின் தலைவர் புதிய மதத்தை எதிர்த்து நின்றார். அஃபோன்சோ அவரைத் தண்டித்து ஒழித்துவிடவில்லை. தேவாலயத்தைப் பராமரிப்பதோடு புனித நீரைக் காக்கும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்தான். மதம் மாறிய பின்பும் நீர் அந்தக் குலத்தின் கையிலேயே இருந்தது! ராஜதந்திரம் என்று இதைச் சொல்லலாம். நான் அதற்கும் மேலாக, தன்னை அரசனாக்கிய கை எது என்பதை அந்த அரசன் மறக்கவில்லை என்றே கொள்கிறேன்.

அதே வுண்டாவின் பெயரைத் தாங்கிய அந்தோனியோ மானுவேல் என்பவர், ஒரு நூற்றாண்டுக்குப் பின், இரண்டாம் அல்வாரோ அரசனின் தூதராகப் போப்பாண்டவரைக் காண 1604-இல் புறப்பட்டார். கடற்கொள்ளையரிடம் அகப்பட்டு, உடைமைகளை இழந்து, லிஸ்பனிலும் மாட்ரிட்டிலும் காத்திருந்து, நோயுற்ற உடலோடு 1608 ஜனவரியில் ரோமாபுரியை அடைந்து, சில தினங்களுக்குள்ளேயே உயிர் நீத்தார். மரணப் படுக்கையில் கிடந்த அவரை ஐந்தாம் பவுல் போப்பாண்டவர் நேரில் வந்து கண்டார். வத்திக்கான் சுவரோவியம் ஒன்று அக்காட்சியை இன்றும் காட்டுகிறது. சாந்தா மரியா மஜோரே தேவாலயத்தில் கருநிறக் கல்லில் செதுக்கிய அவருடைய மார்பளவுச் சிலை, காங்கோப் பிரபுக்கள் அணிந்த வலைபோன்ற மேலாடையோடு இருக்கிறது. அரச சேவகன் என்ற சொல்லுக்குப் பொருள் தேடுகிற கதாசிரியன் இவரைவிட்டு எங்கே போய்த் தேடப் போகிறான்?

இனி ஆவிகளைப் பற்றி. காங்கோ மக்களின் எண்ணத்தில் இறந்தோர் உலகம் நீருக்கு அப்பால் இருக்கிறது. வெண்மை அவர்களுடைய நிறம். அவ்வுலகத்துச் சக்தி ஒன்றை ஓர் உருவத்திலோ, பையிலோ, சட்டியிலோ இருத்திவைத்தால் அதற்கு என்கிசி என்று பெயர். இருத்தி வைக்கும் வல்லுநர் என்கங்கா. மரத்தைச் செதுக்குகிறவர் ஒருவர். வெண்களிமண்ணும் மூலிகையும் பிறவும் சேர்ந்த மருந்தை வயிற்றிலும் தலையிலும் வைத்து, கண்ணாடியாலோ சோழியாலோ மூடி அதற்கு உயிர் தருகிறவர் வேறொருவர். வழக்கில் சிக்கியவர்களும் உடன்படிக்கை செய்துகொள்பவர்களும் அதன்முன் நின்று பிரமாணம் செய்து, தங்கள் எச்சில் பட்ட ஆணியையோ, துணித்துண்டு கட்டிய இரும்பலகையோ அதன் உடலில் அறைவார்கள். எந்த ஆணி எவருடையது என்பது அந்த ஆவிக்குத் தெரியும். வாக்குத் தவறியவனை அது தேடிப்போய்ப் பிடிக்கும். ஆகவே, பார்க்கிறவர்களுக்குக் கொடூரமாகத் தோன்றும் அந்த ஆணிக்காடு உண்மையில் ஊரின் வழக்குப் பதிவேடு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிலோவாங்கோ நதிப் பிரதேசத்தில் உருவான மங்காக்கா என்னும் உருவங்கள் இவ்வகையில் தலையாயவை. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருப்பது நான்கடி உயரத்துக்குச் சற்றே குறைவு. இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி, முன்னோக்கிச் சாய்ந்து, எதிரில் நிற்பவனை விசாரிக்கிற தோரணையில் நிற்கிறது. தலையில் அணிந்திருப்பது எந்தத் தொப்பி என்று பாருங்கள்: நாட்டுத் தலைவர்கள் சூடும் தொப்பி! ஊழியம் செய்யவந்த ஆவி தலைவனுடைய முடியைத் தானே தரித்திருக்கிறது; அதன்முன் நின்று சத்தியம் செய்யும்போது தலைவனும் குடிமகனும் ஒன்றே. காலனி அதிகாரிகளும் பாதிரிமார்களும் இவற்றைப் பறித்துக்கொண்டு போனதற்கு மத வைராக்கியம் ஒரு காரணம். இவை இருக்கும்வரை தங்கள் சட்டத்துக்குப் போட்டியாக இன்னொரு சட்டம் நின்றது என்பது அதைவிடப் பெரிய காரணம். இப்போது காணும் மங்காக்கா உருவங்கள் பலவற்றில் வயிற்று மருந்து இல்லை. பறிபோகுமுன் உரியவர்களே அதை எடுத்துச் சக்தியை நீக்கியிருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

அப்படியானால் சொந்தச் சித்தமின்றி ஏவிய வேலையைச் செய்யும் ஆவி அடிமை என்ற கற்பனை எங்கிருந்து வந்தது? காங்கோக் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் பெருந்திரளாகப் போய்ச் சேர்ந்த ஹெயிட்டியின் கரும்புத் தோட்டங்களில், மரணம்கூட உழைப்பிலிருந்து விடுதலை தராமல் போய்விடுமோ என்ற பீதி, இறந்த பின்பும் எழுப்பப்பட்டு வேலை வாங்கப்படும் சோம்பியாக வடிவெடுத்தது. அமெரிக்கப் படை அந்நாட்டை ஆண்ட காலத்தில், 1929-இல் சீப்ரூக் என்பவரின் பயண நூலும் 1932-இல் ஒரு திரைப்படமும் அந்தப் பீதியை உலகமெங்கும் வேடிக்கைப் பொருளாக்கின. அடிமைப்பட்டவர்களின் ஆறாத் துயரத்தை எடுத்து, அதுவே ஆப்பிரிக்க ஆவியின் சுபாவம் என்று கதை கட்டுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பிற நாட்டு நம்பிக்கைகளைக் கற்பனைக்கு எடுத்துக்கொள்ளவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கதைகள் எக்காலத்திலும் எல்லை கடந்து போய்க்கொண்டுதான் இருந்திருக்கின்றன. எடுக்கிறவர்கள் முழுமையாக எடுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. அறிவதற்கு வழியில்லாமலும் இல்லை: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடன் நாட்டுப் பாதிரியார் லாமன் கேட்டுக்கொண்டபடி, காங்கோ ஆசிரியர்கள் பலர் தங்கள் நம்பிக்கைகளைத் தங்கள் மொழியிலேயே நோட்டுப் புத்தகங்கள் நிறைய எழுதிவைத்தார்கள், அவற்றில் கணிசமான பகுதி ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது.

மாயக்கதை எழுதத் துணியும் தமிழ் இளைஞர்களே, உங்கள் கற்பனை அரசவையில் காங்கோவின் ஆவியைத் தாங்கிய ஒரு சேவகனை நிறுத்துவதானால், அவனுக்கு ஒரு குலமும் பெயரும் கொடுங்கள். அரசன் சொல் தவறும் நாளில் அவனை நிறுத்தி விசாரிக்கும் அதிகாரத்தையும் கொடுங்கள். எம்பன்சா காங்கோவில் அரசனை அரசனாக்கும் அதிகாரமே அவன் கையில் இருந்தது.