ஊசியின் மேல் பழி

"கட்டியில ஊசி பட்டா பரவிடும்ணா, ஒத்துக்காதீங்க." ஒரகடத்துக் கம்பெனி எக்ஸ்ரேயில் நெஞ்சுக்குள் நிழல் தெரிந்த ஒருவருக்குச் செம்பரம்பாக்கத்தில் முதலில் கிடைக்கும் வைத்திய ஆலோசனை இதுதான். சொல்பவர் டிப்ளமோ படித்தவராகவும் இருப்பார். பயாப்சிக்குக் கொடுத்த தேதி போய்விடும். நாட்டு மருந்து, வேண்டுதல் என்று மாதங்கள் ஓடும். ஆளைக் கொல்லும் அறிவுரை இது.

இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே இதயம், மூச்சுக்குழாய், உணவுக்குழாய், தைமஸ் சுரப்பி, நிணநீர் முடிச்சுகள், நரம்புகள் எல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. கட்டி எதிலிருந்தும் கிளம்பலாம். தைமஸ் கட்டி என்றால் பெரும்பாலும் அறுத்தெடுப்பதே முதல் வைத்தியம். லிம்போமா எனும் நிணநீர்ப் புற்று என்றால் பெரும்பாலும் கத்திக்கு வேலையில்லை, கீமோதான். முதுகெலும்பை ஒட்டிய நரம்புக் கட்டி பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் புற்றே அல்ல. காசநோயில் வீங்கிய நிணநீர் முடிச்சும் படத்தில் கட்டி மாதிரியே தெரியும். அரசு இலவசமாகத் தரும் மாத்திரையைச் சுமார் ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். புற்று என்று பயந்து ஒளிந்தவருக்கு இருந்தது காசநோயாகவே இருக்கலாம். சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்காமல் எதை வைத்து வைத்தியம் செய்வது?

ஊசி போன வழியில் புற்றணு ஒட்டவே ஒட்டாதா? ஒட்டுவதுண்டு, மிக மிக அரிதாக. டாக்டர்களுக்கு அது தெரியாத ரகசியமா என்ன? முழுதாக எடுத்துவிடலாம் என்று ஸ்கேனிலேயே தெரிகிற தைமஸ் கட்டியைப் பல சமயம் ஊசி குத்தாமலே எடுத்துவிடுகிறார்கள். எங்கே குத்தக் கூடாது என்று படித்தவர்தான் இங்கே குத்த வேண்டும் என்கிறார்.

மூச்சு வாங்கி, குரல் கம்மி, முகம் வீங்கிய பிறகுதான் நாம் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அதற்குள் நோய் முற்றியிருக்கும். பயாப்சி முடிந்த சில வாரங்களில் ஆள் போய்விட்டால் பழி ஊசிக்கு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கணக்கு! உணவுக்குழாய்ப் புற்றுக்காக 1968-ல் நியூயார்க்கில் அறுவை செய்துகொண்ட அண்ணாவே 1969 பிப்ரவரி 3 அன்று இறந்தாரே என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: சிடி ஸ்கேன் ஒரு நோயாளியை முதன்முதலில் படம் எடுத்ததே 1971-ல்தான். அந்தக் காலத்து மருத்துவத்தை வைத்து இன்றைய மருத்துவத்தை எடைபோடக் கூடாது.

பயத்துக்குப் பின்னால் சம்பளக் கவலை இருக்கிறது. அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்து, சந்தா நாட்களும் சரியாக இருந்தால், புற்றுநோய்க்கு இஎஸ்ஐ இரண்டு ஆண்டு வரை சம்பளத்தில் 80 சதவீதம் தருகிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? எச்.ஆர். ஆபீஸில் கேளுங்கள். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணா பெயரிலேயே அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

அடுத்த முறை யாராவது "குத்த விடாதே" என்றால், இந்தக் கட்டி எந்த வகை என்று அவரிடமே கேளுங்கள். பதில் வராது. பயாப்சிக்குக் கிளம்புங்கள்.